வடைமாலையும் வாடகைச் சட்டியும்

ஆவுடையார்கோயில் ஆத்மநாதசுவாமிக்கு நிவேதனமாவது சோறு அன்று, அதிலிருந்து எழும் ஆவி. வடித்த புழுங்கலரிசிச் சோற்றைச் சூடு ஆறுமுன் சன்னதிக்கு முன்னுள்ள படைகல்லில் பரப்பி, அந்த ஆவியை இறைவனுக்கு அமுதாக்குவது அத்தலத்து மரபு. அத்தகைய பெருங்கோயில்களில் கல்லால் கட்டிய மடைப்பள்ளி உண்டு. அடுப்பின் குணம் அறிந்த பரிசாரகர்களும் உண்டு. தெருமுனை ஆஞ்சநேயருக்கு அவ்வசதி ஏது? மார்கழியில் அனுமத் ஜயந்தி வந்துவிட்டால், கோயிலுக்குப் பின்புறம் ஒரு கீற்றுப் பந்தல், வாடகைக்கு எடுத்த எண்ணெய்ச் சட்டி, உதவிக்கு வந்த பத்துப் பேர். இவையே அன்றைய மடைப்பள்ளி. பைரவருக்குத் தேய்பிறை அஷ்டமியில் வடைமாலை சாத்துவோர் நிலையும் இதுவே.

அண்மைக் காலமாக வாடகைப் பாத்திரக் கடைகளில் இரும்புச் சட்டியோடு, சிற்றுண்டிக் கடைகளில் காணும் ‘டீப் ஃப்ரையர்’ என்னும் மின் பொரிப்புச் சட்டியும் கிடைக்கிறது. 1,008 வடைக்கு அது நல்ல துணைதான். ஓர் ஈட்டுக்கு 25 வடை என்றாலும் 41 ஈடு ஆகும். ஈட்டுக்கு 5 நிமிடமெனில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். அவ்வளவு நேரமும் எண்ணெயின் சூட்டைக் கண்ணால் மட்டும் பார்த்துக் காப்பது முதியவர்க்கு எளிதன்று. ஃப்ரையரில் உள்ள தெர்மோஸ்டாட், சூட்டை 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் அளவில் தானே நிறுத்தும். வெறும் சட்டியில் அத்தடை இல்லை. சூடு மேலும் மேலும் ஏறி, எண்ணெய் முதலில் புகையும். கவனியாது விட்டால் நெருப்பில்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும்.

வாடகைக்கு எடுக்கையில் நம்மவர் முதலில் கேட்பது வேறொன்று: “இதில் முன்பு மீனோ கோழியோ பொரித்தார்களா?” நியாயமான கேள்வி. நிவேதனத்துக்கான சட்டியில் அந்த ஐயமே எழலாகாது. சைவச் சமையலுக்கென்றே தனிப் பாத்திரம் வைத்திருக்கும் கடையை நாடுவது உத்தமம். அவ்வாறு கிடைத்தாலும் யாரும் அப்படியே பயன்படுத்துவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து குடம் குடமாக நீர் விட்டுக் கழுவுவர். ஆபத்து நுழையும் வாசல் அதுதான். ஃப்ரையரின் அடியில் எண்ணெயை வடிப்பதற்கு ஒரு குழாய் உண்டு. கழுவிய நீர் அதன் வளைவில் தங்கிவிடும். மேலே துடைத்தால் போகாது. அதன்மேல் எண்ணெய் ஊற்றிச் சூடேற்றினால், அடியில் கிடக்கும் நீர் ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரியும். கொதிக்கும் எண்ணெயைத் தூக்கி வெளியே எறியும். ஆதலால் கழுவுவதை முதல் நாளே முடித்து, குழாயைத் திறந்து வைத்து, சட்டியை ஒரு பகலேனும் வெயிலில் காயவிட வேண்டும். மின்சாரப் பகுதியில் நீர் படவே கூடாது. அதனை உலர்துணியால் துடைத்தால் போதும்.

இன்னொன்று மடி. நீராடி, ஈர வேட்டியோடு அல்லது ஈரப் புடவையோடு அடுப்பருகே நிற்பதை ஆசாரமாகக் கொள்வோர் இன்றும் உளர். ஈரக் கையும் ஈரத் தரையும் மின்சாரத்துக்கு வழிவிடும். தலைப்பிலிருந்து சொட்டும் நீர் எண்ணெயில் விழுந்து தெறிக்கும். பிறர் தொடாத உயரக் கொடியில் உலர்த்திய மடித் துணி பெரியோர் கைக்கொண்ட வழக்கமே. பொரிக்கும் நாளில் அதுவே தக்கது. அதுவும் பருத்தியாக இருக்கட்டும். நைலான் கலந்த துணி சூட்டில் உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும். அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுகக் கட்ட வேண்டும். தலைப்பைச் செருகிக்கொள்ள வேண்டும். அடுப்புக்குப் புரோட்சணம் செய்வதாயின் சுவிட்சைப் போடுமுன், எண்ணெய் ஊற்றுமுன் செய்துவிடலாம்.

கடையில் எடுக்கும்போதே சட்டியை இயக்கிக் காட்டச் சொல்வது நன்று. தெர்மோஸ்டாட்டைத் திருப்பினால் விளக்கு அணைந்து எரிகிறதா, வடிகுழாயின் திருகு இறுகுகிறதா, பிளக்கில் மூன்று முனையும் உள்ளனவா என்று பார்க்கலாம். முன்பணத்துக்கு ரசீது வாங்குகையில், ஏற்கெனவே உள்ள பழுதையும் அதிலேயே எழுதி வாங்கினால் திருப்பித் தரும்போது வாக்குவாதம் இராது. 3,000 வாட் சட்டி சுமார் 13 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். சன்னதி விளக்குக்குப் போட்ட மெல்லிய ஒயரும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அதைத் தாங்கா. எர்த் உள்ள 16 ஆம்பியர் இணைப்பு வேண்டும். இரட்டைத் தொட்டியாயின் இரண்டு தனி இணைப்புகள் வேண்டும்.

எரிவாயு அடுப்பெனில், வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரை இத்தகைய பெருஞ்சமையலுக்குக் கொண்டுவருவது முறையன்று. 19 கிலோ வணிக சிலிண்டர் உண்டு. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவித் தாழ்ந்த இடத்தில் தேங்கும்.

கீற்றுப் பந்தலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலாது. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு வேளையில் யாகசாலைப் பந்தல் தீப்பற்றி, 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த கீற்றின் கீழே கொதிக்கும் எண்ணெய் இருக்கலாகாது. வெட்டவெளியில், அல்லது தகரக் கூரையின் கீழ், பிள்ளைகள் ஓடிவரும் வழியை விட்டு விலகி அமைக்க வேண்டும்.

ஒருவேளை எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது பேராபத்து. தீ பந்தாக எழும்பும். மின்சாரத்தையோ எரிவாயுவையோ நிறுத்தி, பக்கத்தில் தயாராக வைத்த உலோக மூடியால் சட்டியை மூடி, தானே ஆறும் வரை திறக்காதிருப்பதே வழி. சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவே கூடாது. தீ மூடிக்கு அடங்காவிடில் எல்லோரும் விலகி 101-ஐ அழைக்க வேண்டும். எண்ணெய்த் தீக்கென ‘எஃப்’ வகைத் தீயணைப்பான் உண்டு. கோயில் நிர்வாகத்தார் ஒன்று வாங்கி வைத்தால் தீபாராதனைத் தட்டில் விழும் காசுக்கு அதைவிட நல்ல செலவு இராது. உடலில் சூடு பட்டால், மஞ்சளும் மையும் பற்பசையும் தேடாமல், ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் காட்டிய பின் 108-ஐ அழைக்கலாம். மாலைக்கு வடை எண்ணுவோர்க்கு அந்த எண் மறக்காது.

ஆஞ்சநேயருக்குரிய மிளகு வடையை நீர் அதிகம் சேர்க்காமல் கெட்டியாக அரைத்து, மெல்லியதாகத் தட்டுவது வழக்கம். பலநாள் கெடாமலிருக்கச் செய்த அந்தப் பக்குவம் எண்ணெய் தெறிப்பதையும் குறைக்கிறது. குறைக்கும், அவ்வளவே, எனவே முதல் வடையிலிருந்து கடைசி வடை வரை ஒருவர் சட்டியை விட்டு நகரலாகாது. அவருக்கு மாற்றாள் ஒருவரைக் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும். சகஸ்ரநாமம் தொடங்கிவிட்டதென்று அடுப்பை எரியவிட்டுப் போவது பக்தியில் சேராது.

மிஞ்சிய எண்ணெயை அன்றிரவே வடிக்க அவசரம் வேண்டா. மறுநாள் காலை, முற்றும் ஆறிய பின் வடிகட்டலாம். திரும்பத் திரும்பச் சூடேறிய எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தை மிஞ்சினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்த எண்ணெய் விளக்குக்கும் ஆகாது. அதைச் சாக்கடையிலோ கோயில் குளத்திலோ கொட்டாமல், டின்னில் அடைத்துப் பயன்படுத்திய எண்ணெயைச் சேகரிப்பவரிடம் சேர்க்கலாம். சட்டியைக் கடைக்கு அனுப்புமுன் வடிகுழாயை மறுபடியும் திறந்து பார்த்துவிடுவது நல்லது. அடுத்து எடுப்பவரும் ஏதோ ஒரு கோயிலுக்காக எடுப்பவராக இருக்கக்கூடும்.