ரேடியேட்டருக்கும் ஒரு கணக்கு உண்டு



நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி கட்டுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த நமக்கு எஞ்சின் மாற்றுவது ஒன்றும் அதிசயம் இல்லை. பிக்கப் வண்டியில் எஞ்சின் தேய்ந்துவிட்டால் அதை இறக்கிவிட்டு இன்னொரு வண்டியின் டீசல் எஞ்சினை ஏற்றிவிடுவார்கள். பழைய ஜீப்புகளில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் வைத்த காலம் தொட்டு நடந்து வரும் வேலை இது. மவுண்ட் அடிப்பது, கியர்பாக்ஸுக்குத் தட்டு கடைவது, புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் சரி செய்வது என எல்லாவற்றையும் நம் பட்டறைக்காரர்கள் அளந்து அளந்து செய்வார்கள். ரேடியேட்டர் என்று வந்தால் மட்டும், "பழசே இருக்கட்டும், ஒழுகலையே!" என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடும்.

இந்தப் பழக்கம் தப்பு என்பது என் கருத்து. இதைத் திருத்துகிற பொறுப்பு பட்டறைக்காரரை விட டிப்ளமோ படிக்கிற நமக்கே அதிகம் என்பதும் என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் மாமா பிக்கப் ஓட்டிப் பிழைப்பவர். கொல்லிமலைக்கு அரிசி, சிமெண்ட் ஏற்றிப் போவார். திரும்பும்போது வாழைத்தாரும் பலாவும் ஏற்றி வருவார். அவர் வண்டியில் இருந்த நாற்பது எச்.பி. எஞ்சின் ஓய்ந்துபோனதும், கடன் வாங்கி அறுபது எச்.பி. டர்போ டீசல் எஞ்சின் ஒன்றை ஏற்றினார். ரேடியேட்டர் பழையதே. சமவெளியில் ஒரு மாதம் ஜம்மென்று ஓடியது. சித்திரை வெயிலில் இருபது மூட்டை சிமெண்டோடு மலை ஏறினபோது, எழுபது கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டும் முன்பே ஆவி கிளம்பிவிட்டது. ஹெட் கேஸ்கெட் போய், ஹெட்டும் வளைந்துவிட்டது. ரெண்டு வாரம் வண்டி பட்டறையில் நின்றது. வண்டி நின்றாலும் கடன் தவணை நிற்குமா?

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் கேள்வி என்னிடம் வந்தது. "மாப்ளே, எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போடணும்னு உங்க புத்தகத்துல இருக்குதா?" என்றார் மாமா.

இருக்கிறது நண்பர்களே! நம் தெர்மல் லேபில் செய்கிற ஹீட் பேலன்ஸ் சோதனைதான் அது. ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினை ஓட்டி, எரிபொருளில் இருந்த வெப்பம் எங்கெங்கே போனது என்று பங்கு பிரிக்கிறோம். பிரேக் பவராக ஒரு பங்கு, புகையோடு ஒரு பங்கு, குளிர்விக்கும் தண்ணீரோடு ஒரு பங்கு. நம்மில் பலர் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து இந்த அட்டவணையை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். ஒன்றைக் கவனித்தீர்களா? லேபில் சூடான தண்ணீர் குழாய் வழியே வெளியே போய்விடுகிறது. வண்டியில் அதே தண்ணீர் ஆறித் திரும்பி வர வேண்டும். அது ஆறுகிற இடம்தான் ரேடியேட்டர். ஆக, தண்ணீர்ப் பங்கு என்று அட்டவணையில் எழுதுகிறோமே, அதுதான் ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய வெப்பம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அறுபது எச்.பி. என்பது சுமார் 45 கிலோவாட். முழு லோடில் எஞ்சினின் திறன் 35 சதவீதம் என்று வைத்தால், எரிபொருளாக உள்ளே போவது ஏறக்குறைய 128 கிலோவாட். அதில் 30 சதவீதம் தண்ணீருக்கு என்றால் 38 கிலோவாட். கொஞ்சம் கூட்டி 40 என்று வைப்போம். பழைய நாற்பது எச்.பி. எஞ்சினுக்கு இதே கணக்கில் 26 கிலோவாட்தான் வரும். ஒன்றரை மடங்கு சூட்டைப் பழைய ரேடியேட்டர் எப்படித் தாங்கும்?

அடுத்து தண்ணீர். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் 7 டிகிரி வித்தியாசம் என்றால், 40 கிலோவாட்டைச் சுமக்க நிமிடத்துக்கு 80 லிட்டருக்கு மேல் ஓட வேண்டும். அடுத்து காற்று. கோரைக் கடக்கும் காற்று 30 டிகிரி சூடேறுவதாக வைத்தால் நொடிக்கு 1.3 கிலோ, அதாவது 1.2 கனமீட்டருக்குச் சற்றுக் குறைவான காற்று தேவை. 450 மில்லிமீட்டர் சதுரக் கோர் என்றால், அதன் முகத்தில் காற்று மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்தில் நுழைய வேண்டும். மலையில் லோடோடு ஏறும் வண்டியே 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது. அந்தக் காற்றிலும் கிரில்லைத் தாண்டிக் கோருக்குள் போவது ஒரு பகுதிதான். சமவெளியில் சூடாகாத வண்டி மலையில் கொதித்த ரகசியம் இதுதான். கோரை 500க்கு 600 என்று ஆக்கினால் தேவைப்படும் வேகம் 14 கிலோமீட்டராக இறங்கிவிடும். அதை நல்ல ஃபேன் ஒன்று இழுத்துவிடும்.

"டீசல் எஞ்சின் அவ்வளவா சூடாகாது தம்பி" என்று பட்டறையில் சொல்வார்கள். ஐடிலிங்கில் நிற்கும்போது அது உண்மைதான். முழு லோடில் மேடு ஏறும்போது அந்தப் பேச்சு செல்லாது. டர்போ இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்தால், வருகிற காற்றே சூடாகத்தான் வரும். வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 95 டிகிரித் தண்ணீரை 30 டிகிரிக் காற்று ஆற்றுவதற்கும் 40 டிகிரிக் காற்று ஆற்றுவதற்கும் ஏறக்குறைய 15 சதவீதம் வித்தியாசம் வருகிறது. ஆகவே மார்கழியில் போதுமான ரேடியேட்டர் சித்திரையில் போதாமல் போகலாம்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில், அந்த எஞ்சின் எந்த வண்டியில் கம்பெனியிலிருந்து வந்ததோ, அந்த வண்டியின் ரேடியேட்டரை அளந்து பாருங்கள். அதற்குக் குறையவே கூடாது. காரில் இருந்த எஞ்சின் சரக்கு வண்டிக்கு வருகிறது என்றால் இன்னும் பெரிதாகவே வேண்டும்.

இரண்டாவது, தடிமனை விட முகப்பரப்பைப் பெருக்குங்கள். இடமில்லை என்று ரெண்டு லைன் கோரை நாலு லைன் ஆக்குவார்கள். முன் வரிசையைக் கடந்து சூடான காற்றுதான் பின் வரிசைக்குக் கிடைக்கும், காற்றுக்குத் தடையும் கூடும். லைன் இரட்டிப்பானால் பலன் இரட்டிப்பாகாது. 1900ஆம் ஆண்டின் இறுதியில் வந்த மெர்சிடிஸ் 35 எச்.பி. காருக்கு வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு ரேடியேட்டர் செய்தார். அதில் 8,070 சின்னஞ்சிறு குழாய்கள்! காற்று படுகிற பரப்பே முக்கியம் என்பது அன்றைக்கே தெரிந்த பாடம்.

மூன்றாவது, ஃபேனைச் சுற்றித் தகரக் கூடு கட்டாயம் வேண்டும். கூடு இல்லாத ஃபேன், கோரின் நடுவட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். எஞ்சின் ஆடும் என்பதால் ஃபேன் நுனிக்கும் கூட்டுக்கும் ஒரு இன்ச் இடைவெளி விடுங்கள்.

நான்காவது, மூடி. 0.9 பார் மூடி போட்டால் தண்ணீர் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. மூடி கெட்டுப்போனால் 1,200 மீட்டர் உயரத்தில் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி கொதிப்பைத் தள்ளிப்போடுமே தவிர சூட்டை வெளியேற்றாது. போதாத ரேடியேட்டருக்குப் பலமான மூடி போட்டால் பழைய கோர்தான் வெடிக்கும்.

ஐந்தாவது, தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கி எறிவதை நிறுத்த வேண்டும். பைபாஸ் வழி உள்ள பல எஞ்சின்களில் அந்த வால்வுதான் சூடேறிய பின் பைபாஸை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் கொஞ்சம் வெந்நீர் ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். காலையில் எஞ்சின் சூடேறவும் தாமதமாகும்.

கடைசியாக, மீட்டர். புது எஞ்சினின் சென்சாரும் பழைய டேஷ்போர்டு முள்ளும் ஜோடி சேராவிட்டால், முள் பொய் சொல்லும். ஆகவே தெர்மாமீட்டர் வைத்து ஒருமுறை சரிபாருங்கள். எஞ்சின் மாற்றத்தை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றவும் மறக்கக் கூடாது.

இவ்வளவும் சொன்னதால் கணக்கு மட்டும் போதும் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். என் தாளைப் பார்த்த மெக்கானிக் அண்ணன் ஒருவர், "தம்பி, மேல் டேங்க் எஞ்சினை விடத் தாழ்வா உட்கார்ந்தா ஏர்லாக் ஆகும், அதை எழுதினியா?" என்று கேட்டார். தாளில் அது இல்லை. செம்பு, பித்தளை ரேடியேட்டரை நம்மூர்க் கடையிலேயே ஈயம் வைத்து அடைத்துவிடலாம், பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினியத்தை அப்படி அடைக்க முடியாது என்று சொன்னதும் அவரே. மலை வண்டிக்கு அதுவும் ஒரு தகுதிதான். கை அனுபவம் அவர்களிடம் இருக்கிறது, கணக்கு நம்மிடம் இருக்கிறது. ரெண்டும் சேராததால் நஷ்டப்படுவது வண்டிக்காரர். மாமா வண்டியில் இன்று பெரிய கோரும் கூடு கட்டிய ஃபேனும் இருக்கின்றன. பழுதுபார்த்த செலவோடு ஒப்பிட்டால் அதற்கு ஆன பணம் கொஞ்சம்தான்.

ஆகவே நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். எத்தனை எச்.பி. டீசல் எஞ்சினுக்கு எத்தனை கிலோவாட் சூடு, குறைந்தது எவ்வளவு கோர் பரப்பு, எவ்வளவு காற்று என்று ஒரே பக்கத்தில் தமிழில் ஓர் அட்டவணை தயாரிப்போம். நம் ஆசிரியர்களிடமும் அனுபவமுள்ள மெக்கானிக்குகளிடமும் காட்டித் திருத்துவோம். பிறகு சுற்றுவட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு ரேடியேட்டர் கடையிலும் ஒட்டுவோம். செலவு சில நூறு ரூபாய்தான் ஆகும். அடுத்த முறை ஹீட் பேலன்ஸ் சோதனைக்கு நிற்கும்போது தெர்மாமீட்டரை நீங்களே எட்டிப் பாருங்கள் நண்பர்களே. அதில் காட்டுகிற எண்ணுக்காக மலையடிவாரத்தில் யாரோ ஒருவர் காத்திருக்கிறார்.

— மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை