மிலிட்டரி லாரிக்கு வெந்நீர்!

சக்திமான் என்றதும் 1997-ல் டி.வி.யில் கிறுகிறுவென்று சுற்றியவரை நினைக்காதீர்கள். இது லாரி. ஜெர்மனியின் மேன் கம்பெனி லைசென்ஸில், ஜபல்பூரில் ராணுவத்துக்காகத் தயாரித்த மூக்கு லாரி. 1996-ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஏலத்தில் எடுத்த ஒன்று எங்கள் பேட்டை ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. பார்த்துக்கொள்பவர் முன்னாள் ராணுவ டிரைவர்.

"எதுலண்ணே ஓடுது?"

"டீசல்ல ஓடுது தம்பி, தண்ணில பொழைக்குது."

பி.காம். பாஷையில் சொன்னால், டீசல் தரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உழைப்பு. ஒரு பங்கு சைலன்ஸர் வழியே போச்சு. மிச்சத்தைத் தண்ணீர் சுமந்து போய் ரேடியேட்டரில் இறக்க வேண்டும்.

வண்டி சூடாகிறதா, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசு என்பது சில மெக்கானிக்குகளின் வைத்தியம். அண்ணனுக்குக் கோபம் வரும். தண்ணீர் எண்பது டிகிரி பக்கம் வந்த பிறகே ரேடியேட்டருக்குக் கேட்டைத் திறக்கும் வாட்ச்மேன் அது. வாட்ச்மேனைத் தூக்கினால் இன்ஜின் ஜில்லென்று ஓடி, டீசலை அதிகம் குடித்து, தேயும். நிஜ வியாதி போர் தண்ணீர் உப்பு. குழாய்க்குள் படிந்துவிடும். அதனால் இவர் மழைத் தண்ணீர் பிடித்து வைக்கிறார்.

லே நகரம் சுமார் 11,500 அடி உயரம். அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதிக்கும். அதைத் தடுப்பது அழுத்தத்தை அடக்கி வைக்கிற ரேடியேட்டர் மூடி. அதன் ரப்பர் வாஷர் போனால் வண்டி அம்பேல். ராத்திரியில் நிலைமை தலைகீழ். உறையும் தண்ணீர் ஒன்பது சதவீதம் வீங்கி, இரும்பு பிளாக்கையே பிளக்கும். கூலண்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 35 வரை பயமில்லை. கூலண்ட் இல்லாத நாளில் ராத்திரி தண்ணீரை வடித்துவிட்டு, காலையில் வெந்நீர் ஊற்றித்தான் ஸ்டார்ட்.

"நமக்கு டீ இல்லேன்னாலும் அதுக்கு வெந்நீர் உண்டு தம்பி."

ஹீட்டர் வைத்த வண்டிகளில் கேபினுக்குள்ளும் ஒரு குட்டி ரேடியேட்டர், அதே வெந்நீர். இன்ஜின் சூடாகியும் ஹீட்டரில் குளிர்காற்று வந்தால், தண்ணீர் குறைந்திருக்கலாம். உள்ளே காற்று அடைத்திருக்கலாம். மேட்டில் சூடு ஏறினால் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுவது பழைய தந்திரம். மே மாதம் மதுரை பைபாஸில் செய்து பாருங்கள். இன்ஜின் பிழைக்கும், நீங்கள் வெந்துவிடுவீர்கள்!

புதிதாகச் சேரும் பையன்களுக்கு அண்ணன் முதல் நாள் ஸ்பேனர் தருவதில்லை. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தம் விடுபட்டு, உள்ளிருக்கும் தண்ணீர் அந்த விநாடியே கொதித்துச் சீறும். மூடியைக் காட்டுகிறார். பிறகு சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை வெளுத்துக் கிடக்கும் தோலைக் காட்டுகிறார்.