மார்க்கா திரும்பி வந்தது, வேலை வந்ததா?

2019 டிசம்பர் 5ஆம் தேதி பெரிய பத்திரிகைகளுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். நோக்கியா திரும்பி வந்துவிட்டதாம்! செல்போன் சந்தையில் தோற்றுப்போன நோக்கியா, இந்த முறை டெலிவிஷன் பெட்டியாக அவதாரம் எடுத்திருக்கிறதாம். 55 அங்குலத் திரை, 4கே படம், ஜே.பி.எல். ஒலி, விலை ரூ. 41,999. அடுத்த ஆண்டு 65 அங்குலப் பெட்டியும் வந்தது. அதன் விலை ரூ. 64,999. உயர்ந்த மார்க்கா, உயர்ரகப் பெட்டி என்று தம்பட்டம் அடித்தார்கள்.

அந்த ஆண்டில் நமது மாநிலத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி நாள் ஒன்றுக்கு ரூ. 229. நூறு நாளும் பாக்கியில்லாமல் வேலை கொடுத்து, கூலியைக் குறைக்காமல் கொடுத்திருந்தாலும் மொத்தம் ரூ. 22,900. அந்த 55 அங்குலப் பெட்டியை வாங்க 183 நாள் கூலிக்கு மேல் வேண்டும். அதுவும் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, ஒரு காசும் செலவழிக்காமல் இருந்தால்!

ஆனால், விலையை மட்டும் பேசுவதற்காக இதை எழுதவில்லை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. திரும்பி வந்தது யார்?

வந்தது வெறும் பெயர்

நோக்கியா கம்பெனி அந்தப் பெட்டியைச் செய்யவில்லை. ஒரு திருகாணியைக்கூட முடுக்கவில்லை. செய்யச் சொல்லி, விளம்பரம் செய்து, விற்றது பிளிப்கார்ட் கம்பெனி. அந்தப் பிளிப்கார்ட்டின் பெரும்பங்கை 2018இல் அமெரிக்காவின் வால்மார்ட் வாங்கிவிட்டது. நோக்கியா செய்ததெல்லாம், தன் பெயரைப் பெட்டியின் நெற்றியில் ஒட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தது. அந்த அனுமதிக்குப் பணம் வாங்கிக்கொண்டது. இதற்கு ராயல்டி என்று பெயர்.

சோழவந்தான், மேலூர் வயல்களில் இடுப்பொடிய உழைக்கும் தோழர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? நிலத்துக்காரர் டவுனில் இருப்பார். சேற்றில் கால் வைக்கமாட்டார். நாற்று நட்டது யார், களை பறித்தது யார், தண்ணீர் கட்ட இராக்கண் விழித்தது யார் என்று அவருக்குத் தெரியாது. அறுவடையன்று களத்துமேட்டில் வாரநெல் மட்டும் அளந்தாக வேண்டும். மார்க்கா ராயல்டியும் அதே வாரநெல்தான். ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே குத்தகைக்கு விட நிலமாவது இருந்தது. இங்கே குத்தகைக்கு விடுவது வெறும் பெயர்.

நோக்கியா மட்டும் இப்படிச் செய்யவில்லை. பிரான்ஸின் தாம்சன், அமெரிக்காவின் கோடாக், ஜெர்மனியின் புளோபங்க்ட் என்று தனித்தனிப் பெயர்களில் டெலிவிஷன்கள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. மூன்றும் மூன்று கம்பெனி என்றுதானே கடைக்குப் போகிறவர் நினைப்பார்? மூன்று பெயருக்கும் லைசென்ஸ் எடுத்து விற்றது நொய்டாவில் உள்ள ஒரே கம்பெனி! அதிலும் கோடாக் யார்? போட்டோ பிலிம் விற்று வந்து, 2012இல் திவால் மனுக் கொடுத்த கம்பெனி. அதன் பெயர் 2016இல் இங்கே டெலிவிஷன் ஆயிற்று. கம்பெனி நொடித்தாலும் பெயர் வாடகை சம்பாதிக்கிறது. தொழிலாளி நொடித்தால் அவன் பெயருக்குக் கடைக்காரன் அரைப்படி அரிசி கடன் கொடுப்பானா?

இந்தப் பெயர் வந்த வழி

நோக்கியாவுக்கு டெலிவிஷன் தொழில் புதிதல்ல. 1865இல் பின்லாந்தில் காகிதக்கூழ் ஆலையாகத் தொடங்கிய கம்பெனி அது. 1980களில் பின்லாந்து, சுவீடன், ஜெர்மனி நாடுகளின் டெலிவிஷன் பாக்டரிகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி, ஐரோப்பாவின் பெரிய டெலிவிஷன் முதலாளிகளில் ஒருவராயிற்று. லாபம் வற்றியதும் 1996இல் அந்தத் தொழிலையே உதறிவிட்டுச் செல்போனுக்குத் தாவியது.

ஜெர்மனியின் போச்சம் நகரில் முன்பு ரேடியோவும் டெலிவிஷனும் செய்துவந்த பாக்டரியைச் செல்போன் பாக்டரியாக மாற்றினார்கள். லாபம் வந்துகொண்டிருந்த காலத்திலேயே, 2008இல் அதை மூடினார்கள். சுமார் 2,300 பேர் வேலை இழந்தார்கள். ருமேனியாவில் கூலி குறைவு என்று அங்கே போனார்கள். மூன்றே ஆண்டில், 2011இல், அதையும் மூடி ஆசியாவுக்கு வண்டி ஏறினார்கள். 2012இல் சொந்த நாடான பின்லாந்தின் சாலோ நகரத்துப் பாக்டரியையும் மூடினார்கள். சொந்த ஊர்த் தொழிலாளிக்கே இரங்காத மூலதனம் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிலாளிக்கு இரங்குமா?

ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது என்ன?

2005இல் தமிழக சர்க்காரோடு ஒப்பந்தம், 2006இல் உற்பத்தி. விசேஷப் பொருளாதார மண்டலம் என்று தனி ராஜ்யமே கொடுத்தார்கள். சலுகைக் குத்தகையில் நிலம். கட்டிய விற்பனை வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு. நமது வரிப்பணம்தான்.

சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக இளம் பெண்களும் பையன்களும் வேலைக்குப் போனார்கள். உச்ச கட்டத்தில் சுமார் 8,000 பேர். 2011க்குள் அவர்கள் கையால் செய்து முடித்த செல்போன்கள் 50 கோடி! அந்தப் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்த கைகள் அவை. 2010இல் ஓர் இளம் பெண் தொழிலாளி அங்கே இயந்திரத்தில் சிக்கி உயிரையே கொடுத்தார்.

பிறகு? 2013இல் செல்போன் தொழிலை மைக்ரோசாப்ட்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். அதே ஆண்டில் வருமான வரி வழக்கு வந்தது. எதற்காக? சாப்ட்வேருக்காகப் பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்கு இங்கிருந்து அனுப்பிய பணம் ராயல்டியா, அதற்கு வரி பிடித்திருக்க வேண்டுமா என்பதுதான் தாவா. ஆக, பாக்டரி ஓடிய நாளிலேயே அதற்குள் வாரநெல் விவகாரம் இருந்தது. வரித் தாவாவால் சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரல் 25இல் வியாபாரம் முடிந்தபோது உலகத்தின் மற்றப் பாக்டரிகளில் பெரும்பாலானவை மைக்ரோசாப்ட்டிடம் போயின. ஸ்ரீபெரும்புதூர் அனாதையாய் நின்றது. விருப்ப ஓய்வு என்ற பேரில் ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டு வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது.

இருபது, இருபத்தைந்து வயதில் ஓய்வாம்! அதுவும் விருப்ப ஓய்வாம்! இந்த வார்த்தையில்தான் சூது இருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்ட தொழிலாளிக்கு, அதே முதலாளி மறுபடி ஆள் எடுத்தால் முன்னுரிமை உண்டு என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் விதி இருந்தது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள பாக்டரியை மூட சர்க்காரிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்றும் இருந்தது. தானாக விலகினேன் என்று கையெழுத்து வாங்கிவிட்டால் இந்த இரண்டு வேலியையும் முதலாளி தாண்டிவிடலாம். வேலியையே அகற்றும் காரியமும் நடந்தது. 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 100 என்பதை 300 ஆக்கிவிட்டது.

அந்த வரி வழக்கு என்னவாயிற்று? 2018இல் இந்திய சர்க்காரும் பின்லாந்து சர்க்காரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டன. 2019 நவம்பரில் பாக்டரிக் கட்டடம் செல்போன் சார்ஜர் செய்யும் சால்காம்ப் கம்பெனிக்குக் கைமாறுவதாக அறிவித்தார்கள். அடுத்த மாதமே நோக்கியா பெயரில் டெலிவிஷன் வந்தது. கம்பெனியின் வழக்குக்கு விடை கிடைத்தது. கட்டடத்துக்கு முதலாளி கிடைத்தார். பெயருக்குக் குத்தகைக்காரர் கிடைத்தார். அந்த 8,000 பேரைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

"வேலை பெருகுமே!" என்பவர்களுக்கு

சிலர் வாதாடுகிறார்கள்: எந்த மார்க்கா வந்தால் என்ன? பெட்டியை இந்தியாவில்தானே பூட்டுகிறார்கள், வேலை கிடைக்குமே. போட்டி கூடினால் விலையும் குறையுமே என்று.

வேலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பெட்டியைப் பூட்டுவதும் வேலைதான். ஆனால் டெலிவிஷனின் விலையில் பாதிக்கு மேல் அந்தக் கண்ணாடித் திரைக்கே போகிறது. அந்தத் திரை பெரும்பாலும் சீனாவிலிருந்து கப்பலில் வருகிறது. இங்கே நடப்பது பூட்டுவதும், ஸ்டிக்கர் ஒட்டுவதும், அட்டைப் பெட்டியில் அடைப்பதும். ஒரே வரிசையில் காலையில் ஒரு மார்க்கா, மாலையில் இன்னொரு மார்க்கா ஓட்டலாம். பாக்டரி வைத்திருப்பவர் பெயருக்குச் சொந்தக்காரர் அல்ல. பெயருக்குச் சொந்தக்காரரிடம் பாக்டரி இல்லை. கூலி உயர்வு கேட்டால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். பஞ்சாலையில் காண்டிராக்டருக்கும் மானேஜருக்கும் நடுவே பந்தாடப்படும் தோழருக்கு இது புரியாதா?

போட்டியா? மூன்று பெயரையும் ஒரே கம்பெனி விற்கும்போது யாரோடு யார் போட்டி?

பெயர் வாடகைக்கு வரம்பு இல்லை

நில வாரத்துக்காவது 1956இல் இங்கே நியாய வாரச் சட்டம் வந்தது. விவசாயிகள் போராடியதால் வந்த வரம்பு அது. பெயர் வாரத்துக்கும் ஒரு வரம்பு இருந்தது. தொழில்நுட்பம் எதுவும் தராமல் வெறும் மார்க்காப் பெயருக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால், உள்நாட்டு விற்பனையில் 1 சதவீதம், ஏற்றுமதியில் 2 சதவீதம் வரைதான் சர்க்காரைக் கேட்காமல் அனுப்பலாம். அதைக்கூட 2009 டிசம்பரில் மத்திய சர்க்கார் எடுத்துவிட்டது. இனி எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம். கூலிக்கு மட்டும் ரூபாய் கணக்கு, பைசா கணக்கு!

மதுரைக்காரர்கள் இதைச் சொந்த ஊரிலேயே பார்த்தவர்கள். 1892இல் ஹார்வி கம்பெனி இங்கே தொடங்கிய மதுரா மில், 1974இல் மதுரா கோட்ஸ் ஆயிற்று. அதன் ஆயத்த ஆடைத் தொழில் மதுரா கார்மென்ட்ஸ் என்ற பெயரில் வளர்ந்தது. லூயி பிலிப், வான் ஹியூசன், ஆலன் சோலி என்ற விலையுயர்ந்த சட்டைகள் அதன் மார்க்காக்கள். 1999-2000இல் அதை பிர்லா குழுமம் வாங்கியது. மதுரா என்ற பெயர் பெங்களூருக்குத் தலைமையலுவலகம் போட்டுப் போய்விட்டது. அந்தப் பெயருக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்து நூல் நூற்ற தலைமுறைகளிடமிருந்து வந்தது. பெயரை விற்ற பணத்தில் அந்தத் தலைமுறைகளின் பங்கு எது?

தொழிலாளிக்கு மட்டும் பெயர் தரமாட்டார்களாம்

பெயரை வாடகைக்கு விடாமல் தானே உயர்ரக டெலிவிஷன் செய்யும் கம்பெனியும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் 2007 முதல் சாம்சங் பாக்டரி நடக்கிறது. டெலிவிஷன், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்கிறார்கள். 2024 செப்டம்பர் 9 முதல் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கை, தங்கள் சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது. கம்பெனி சொன்ன ஆட்சேபம் என்ன தெரியுமா? சங்கத்தின் பெயரில் சாம்சங் என்ற சொல் வரக்கூடாதாம். அது கம்பெனியின் மார்க்காவாம்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மார்க்காவை யாருக்கு வேண்டுமானாலும் வாடகைக்கு விடுவது முதலாளி உலகத்தில் நியாயம். அந்த மார்க்காவைத் தன் கையால் உருவாக்கும் தொழிலாளி, தான் வேலை செய்யும் இடத்தைக் குறிக்க அதே பெயரைச் சங்கத்துக்கு வைத்தால் குற்றம்! ஆனால் அந்த ஆட்சேபம் நிற்கவில்லை. வழக்கு ஐகோர்ட் வரை போய், 2025 ஜனவரியில் அதே பெயரில் சங்கம் பதிவாயிற்று. ஒற்றுமையாய் நின்ற 37 நாள் அதைச் சாதித்தது.

கேட்க வேண்டியவை

2008இல் போச்சம் பாக்டரி மூடப்பட்டபோது அந்த மாகாண சர்க்கார் கொடுத்த மானியத்தைத் திருப்பிக் கேட்டது. ஊரே தெருவில் இறங்கியது. கடைசியில் அந்த வட்டாரத்தின் முன்னேற்றத்துக்கென 2 கோடி யூரோ கொடுக்க நோக்கியா இசைய வேண்டி வந்தது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி. நாமும் கேட்போம்.

சர்க்கார் கம்பெனிகளோடு போடும் சலுகை ஒப்பந்தங்களை ஜனங்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். பாக்டரியை மூடினால் சலுகையைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். விருப்ப ஓய்வு என்று அனுப்பப்பட்டவர்களுக்கும், அதே இடத்தில் யார் தொழில் தொடங்கினாலும் முன்னுரிமை தர வேண்டும். பெயர் வாடகைக்கு மறுபடி உச்சவரம்பு வைக்க வேண்டும். பூட்டும் வேலையில் இருக்கும் காண்டிராக்ட் தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும்.

தீபாவளித் தள்ளுபடி, மாதத் தவணை என்று பெட்டி வாங்கப் போகும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நெற்றியில் உள்ள பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். செய்தவர் பெயரும் விலாசமும் அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை வாசியுங்கள், பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். நாளைக்குப் பழுதானால் யாரிடம் போவது, பெயரின் குத்தகை முடிந்துவிட்டால் உதிரிப் பாகத்துக்கு யார் பொறுப்பு என்று கடைக்காரரிடம் கேட்டு, பில்லோடு எழுதி வாங்குங்கள். பிறகு, அந்த விலாசத்தில் வேலை செய்கிறவர்களுக்கு என்ன கூலி, அவர்களுக்குச் சங்கம் உண்டா என்று ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் பேசுங்கள்.