காதலி என்ன மாத்திரையா?

'நீ பேசலேன்னா செத்துடுவேன்' என்று ஒருத்தன் மிரட்டினால், நம் ஹாஸ்டலில் அவனுக்கு 'தெய்வீகக் காதலன்' பட்டம்! 1991-ல் வந்த 'குணா'வில் பெண்ணைக் கடத்திப் போகிறவனுக்காகத்தானே அழுதோம்? அவள் பயத்துக்கு யார் அழுதது?

காலையில் தேவதை, மாலையில் துரோகி. விட்டுப் போய்விடுவாளோ என்று ஓயாத பயம். வருஷக்கணக்கில் எல்லா உறவிலும் இதே கதை என்றால் அது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறாக இருக்கலாம். ஆண், பெண் இருவருக்கும் வரும். (கோபக்காரனுக்கெல்லாம் இந்தப் பெயரை ஒட்டாதீங்க, டாக்டர்தான் சொல்லணும்.) எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எங்க ஊர்ல இதுக்கு ஒரே வைத்தியம், 'கல்யாணம் பண்ணி வை, சரியாயிடும்'. வருகிறவள் பாடு?

அமெரிக்காவின் மார்ஷா லைன்ஹான் 1961-ல், பதினேழு வயதில், மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். பின்னால் உளவியலாளராகி, பொங்கும் உணர்ச்சியைச் சமாளிக்கும் பயிற்சியை உருவாக்கி 1993-ல் நூலாக்கினார். லேத் பழகுவது மாதிரிதான், நாளாகும். அவனேதான் பழகணும், காதலி பழகித் தர முடியாது.

அவளிடம் போய் 'பாவம்டி அவன்' என்று தூது பேசாதீங்க. அவனை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. கூச்சமா? 14416-க்குப் போன் போடுங்க, காசு கிடையாது.