தோட்டத்துப் பிள்ளை யார் பிள்ளை?

இலங்கையில் வைத்தியம் இலவசம். வகுப்பறையில் இதைப் பெருமையோடு கற்பிப்பவர்களும் நாமே. கற்பித்துக்கொண்டிருக்கையிலேயே, பசறைப் பக்கத்து மாணவியொருத்தியின் இடம் மூன்று நாட்களாக வெறுமையாய்க் கிடக்கிறது. விசாரித்தால், காய்ச்சலில் கிடக்கும் தம்பிக்குக் காவலாக லயத்தில் நிற்கிறாளாம். தாய் மலைக்குப் போய்விட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு நடந்தால் அன்றைய பேர் போய்விடும்; பஸ் காசு வேறு. இலவசத்தின் விலை இது!

தோட்டத்து வைத்தியம் தனி வைத்தியமான கதை பழையது. 1872இலும் 1912இலும் வெள்ளை ஆட்சி சட்டமியற்றித் தொழிலாளியின் நோயைத் தோட்ட நிர்வாகத்தோடு பிணைத்தது. ஆள் பிழைத்திருந்தால்தான் கொழுந்து வரும் என்ற கணக்கு அது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியதும், அந்நியனுக்கு அரசு ஏன் செலவிட வேண்டும் என்ற கேள்வி அப்பிரிவினைக்கு வேலியாயிற்று. 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு அந்தச் சாக்கும் தொலைந்தது. வேலி மட்டும் நிற்கிறது. தோட்டங்கள் 1975இல் அரசின் கைக்கு வந்தன. 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. தோட்ட ஆஸ்பத்திரிகளிற் சிலவற்றை அரசு ஏற்றது. எஞ்சியவற்றில் பட்டம் பெறாத உதவியாளரே டாக்டர். நள்ளிரவில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் கொழுந்து லொறியைத் தேடி ஓடும் லயங்கள் இன்றும் உண்டு.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு சொல்வதைக் கேளுங்கள்: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம்.

"எல்லாம் தாய்மாரின் அறியாமை" என்று கனவான்கள் சிலர் தீர்ப்பளிக்கின்றனர். அரசாங்க மருத்துவிச்சி தடுப்பூசியோடு வரும் நாளில் பிள்ளை காம்பிராவின் வாசலில் வரிசையாக நிற்பவர்கள் இதே தாய்மாரல்லவா? அரசு வந்த இடத்திற்கு அவர்கள் வந்தார்கள். வர மனமிருந்தால் அரசுக்கும் தோட்டத்து வழி தெரியும் என்பதற்கு அந்த ஊசியே சாட்சி.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1987 முதல் தமிழும் ஆட்சிமொழி என்கிறது அரசியலமைப்பு. வார்ட்டிலோ, பிள்ளையின் நோவை அரைகுறைச் சிங்களத்தில் சொல்லத் தவிக்கிறாள் தாய்.

நாம் கேட்பது தருமமன்று. எஞ்சிய தோட்ட ஆஸ்பத்திரிகள் அனைத்தையும் அரசு ஏற்கட்டும். பட்டம் பெற்ற மருத்துவரையும் தமிழறிந்த மருத்துவிச்சிகளையும் அங்கே நியமிக்கட்டும். நோயுற்ற பிள்ளையோடு வைத்தியசாலைக்குப் போகும் தாய்க்கு அன்று முழுப்பேர் போடக் கம்பெனிகளைச் சட்டத்தால் கட்டட்டும். அரைப்பேர் அல்ல, முழுப்பேர்.