குடும்ப வைத்தியமும் சர்க்காரின் கடமையும்

ஏழைகளின் வைத்தியத்துக்காகப் பெருந்தொகை செலவிடப்படுவதாகச் சர்க்கார் தரப்பார் அடிக்கடி எடுத்துக் கூறுகின்றனர். 2018-ம் வருஷம் ஆரம்பிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் இன்ஷூரன்ஸ் திட்டப்படி, அதில் சேர்ந்த குடும்பத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கிறது. தமிழ்நாட்டிலோ இத்தகைய ஏற்பாடு 2009-ம் வருஷம் முதலே இருந்து வருகிறது. இருதயத்தில் சஸ்திர சிகிச்சை வேண்டிய ஏழைக்கு இது பேருதவி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், குடும்பங்களை அன்றாடம் வாட்டும் துன்பம் வேறு.

குழந்தைக்கு ஜுரம், பாட்டிக்கு மூட்டுவலி, தகப்பனாருக்கு நீரிழிவு, தாயாருக்கு ரத்தக் கொதிப்பு. இவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களல்லர். வைத்தியரைக் கண்டு, மருந்துக் கடையில் பணத்தைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள். ஆயுஷ்மான் பாரத் திட்டம் இத்தகைய வெளிநோயாளிகளின் செலவை ஏற்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடைபெற்று 2023-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, நமது தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவும், 31 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. இவ்வியாதிகளுக்கு மருந்து ஆயுள் முழுவதும் வேண்டும். மாத்திரை வாங்கப் பணமின்றி நிறுத்தியவன் சில வருஷங்களுக்குப் பின் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் சேருகிறான். அப்பொழுது லட்சக்கணக்கில் கொடுக்க முன்வரும் பொக்கிஷம், அதற்கு முன் சில ரூபாய் கொடுத்திருந்தால் அவன் உடலும் பிழைத்திருக்கும், பொதுப் பணமும் மிஞ்சியிருக்கும்.

தேசத்தில் வைத்தியத்துக்காகச் செலவாகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஜனங்கள் தங்கள் கையிலிருந்தே கொடுத்தது 2013-14-ல் 64 ரூபாய். 2021-22-ல் 39 ரூபாய். இக்குறைவு வரவேற்கத்தக்கதே. எனினும், கூலிக்காரனுக்கு இது இன்னும் தாங்கவொண்ணாத பாரம்.

பணம் மட்டுமல்ல, வழிகாட்டுவாரும் இல்லை. தலைவலி கண்டவன் நேரே பெரிய நகரத்து மூளை நிபுணரைத் தேடி ஓடுகிறான். மற்றொருவன் மருந்துக் கடைச் சிப்பந்தி கொடுப்பதை விழுங்குகிறான். இதை ஜனங்களின் அறியாமை என்று பழிப்பது நியாயமன்று. குடும்பத்தின் வரலாற்றை அறிந்து, 'இது இங்கேயே குணமாகும், இதற்கு ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போ' என்று சொல்லக்கூடிய முதல் வைத்தியர் அண்மையில் இல்லாததே இதற்குக் காரணம்.

இது புதிய யோசனையன்று. ஸர் ஜோஸப் போர் தலைமையில் அமைந்த கமிட்டி, பணமில்லாத காரணத்தால் எவருக்கும் தக்க வைத்தியம் மறுக்கப்படலாகாது என்று 1946-லேயே வற்புறுத்தி, நாடெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களை நிறுவும்படி சிபார்சு செய்தது. 2017-ம் வருஷத்துத் தேசிய சுகாதாரக் கொள்கையும், சுகாதாரச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை ஆரம்ப வைத்தியத்துக்கே ஒதுக்க வேண்டுமென்றது. 2025-க்குள் தேச உற்பத்தியில் நூற்றுக்கு 2.5 பங்கு சர்க்கார் செலவிடுமென்றும் அக்கொள்கை வாக்களித்தது. 2021-22-ல் செலவானதோ 1.84 பங்கே.

செய்ய முடியாதென்று கூறுவோருக்குத் தமிழ்நாட்டின் அனுபவமே விடை. 1994-ல் ஏற்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, சர்க்கார் வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கச் செய்தது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவு, ரத்தக் கொதிப்பு மருந்துகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு வந்தது. வழி தெரிந்திருக்கிறது. வேண்டியது, எல்லா இடங்களிலும் அதைக் குறைவின்றி நடத்தும் உறுதியே.

அந்த உறுதியைச் சர்க்காரிடம் உண்டாக்குவது தேசத் தொண்டர்களின் பொறுப்பு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் கிராம சபை கூடுகிறது. நமது சுகாதார நிலையத்தில் வைத்தியர் பதவி காலியாக இருக்கிறதா, கூலி வேலை முடிந்து வருவோருக்கு மாலையிலும் வைத்தியம் கிடைக்கிறதா, எந்த மருந்து எத்தனை நாளாக இருப்பில் இல்லை என்று அச்சபையில் கேட்டு, விடையைத் தீர்மானமாகப் பதிவு செய்விக்க வேண்டும். தேர்தல் காலத்தில் இன்ஷூரன்ஸ் தொகையை உயர்த்துவதாக வாக்களிக்கும் கட்சிகளையும் இக்கேள்விகளையே கேட்க வேண்டும். வீட்டுக்கு அண்மையில் நம்பத்தக்க வைத்தியரும் தவறாத மருந்தும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிரஜா உரிமையாகும். அதைப் பெறும் வரையில் நாம் ஓயலாகாது.