குற்றாலம் போறீங்களா? ‘குளிக்கத் தடை’ன்னு சொன்னாலும் பயணம் வீணாகாது!

ஆடி மாதக் காலை. சென்னையில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிய குடும்பங்கள் தென்காசி ஸ்டேஷனில் இறங்குகின்றன. எதிரே மலை, அதன் மேல்பாதி மேகத்துக்குள். முகத்தில் பன்னீர் தெளித்ததுபோல் சாரல். பிள்ளைகள் அப்போதே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறார்கள். பெட்டியை ஏற்றிக்கொண்டே ஆட்டோக்காரர் சொல்கிறார்: “மெயினருவியில தண்ணி கூடிட்டு. குளிக்க விடலையாம்!”

அவ்வளவுதான், பிள்ளைகளின் முகம் சுருங்கிவிடுகிறது. “ரெண்டு மாசம் முன்னாடி டிக்கெட் போட்டு வந்தது இதுக்குத்தானா?” என்று அப்பா முணுமுணுக்கிறார். “சும்மா ஓரமா நின்னு குளிச்சிட்டு வந்துடலாமே” என்று யாராவது ஒருவர் யோசனை சொல்கிறார்.

ஒவ்வொரு சீசனிலும் நடக்கிற காட்சி இது. அந்தத் தடை எதற்காக? தடை விழுந்தால் அந்த நாளை எப்படிக் கழிப்பது? குடும்பத்தோடு குற்றாலம் கிளம்பும் முன் இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துகொண்டால், எந்த நாளில் போனாலும் ஏமாற்றம் இருக்காது.

மழை மேலே... வெள்ளம் கீழே!

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்பதால் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அந்த மழை வந்து சேர்வதில்லை. தென்காசிக்கு மட்டும் ஒரு சலுகை. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு அருகில் மலைத்தொடரில் ஒரு கணவாய் இருக்கிறது. அதன் வழியாக ஈரக்காற்று இந்தப் பக்கம் நுழைகிறது. நெல்லை வெயிலில் காயும்போது தென்காசி சாரலில் நனைவதற்குக் காரணம் இதுதான்.

பேரருவி என்கிற மெயின் அருவி, சிற்றாற்றின் நீர். சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. ஆனால், ஒரே பாய்ச்சலாக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பாறையில் ‘பொங்குமாங்கடல்’ என்ற ஆழமான பள்ளம் இருக்கிறது. தண்ணீர் முதலில் அதற்குள் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்த பிறகுதான் கீழே வருகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அருவிக்கு அடியில் யாராலும் நிற்க முடியாது.

கீழே குளிக்கும் இடத்தில் ஒரு பாதுகாப்பு வளைவு கட்டப்பட்டிருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் தண்ணீரின் அளவை அந்த ‘ஆர்ச்’சை வைத்துத்தான் சொல்வார்கள். தண்ணீர் வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் பொங்குமாங்கடலாலும் வேகத்தைத் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். வெள்ளத்தில் கல்லும் மரக்கிளையும் சேர்ந்தே வரும். அப்போதுதான் போலீஸார் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றுகிறார்கள்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வெள்ளத்தைக் கொண்டுவரும் மழை, நாம் நிற்கும் இடத்தில் பெய்ய வேண்டும் என்பதில்லை. மேலே காட்டுக்குள் ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் போதும். செங்குத்தான பாறைச் சரிவில் தண்ணீர் தங்க இடமில்லாததால் சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் வெள்ளம் வரலாம்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அதுதான் நடந்தது. சீசன்கூட இன்னும் தொடங்கவில்லை, கோடை மழைக்காலம். விடுமுறைக் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென வெள்ளம் பாய்ந்தது. படிகளில் ஏறி மக்கள் அலறி ஓடிய வீடியோ அன்றைக்கே எல்லோருடைய செல்போனுக்கும் வந்தது. குடும்பத்தோடு வந்திருந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அந்த வீட்டுக்கு அதுவும் ஒரு விடுமுறைச் சுற்றுலாதான்.

தண்ணீரே எச்சரிக்கும்!

குளித்துக்கொண்டிருக்கும்போது தெளிந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறுகிறதா, சருகும் குச்சியும் சிறு கற்களும் சேர்ந்து விழுகின்றனவா, அருவியின் சத்தம் திடீரென்று கனக்கிறதா... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விசிலுக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். தண்ணீர் ஓடும் திசையிலேயே ஓடக் கூடாது; பக்கவாட்டில் மேடான இடத்துக்கு ஏற வேண்டும். கழற்றி வைத்த செருப்பையும் பையையும் எடுக்கத் திரும்பவே கூடாது.

இன்னொரு விஷயம். பேரருவியில் தடை என்றால் எல்லா அருவிகளிலும் தடை என்று பொருளில்லை. ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி என ஒவ்வொன்றின் நிலவரமும் தனித்தனி. ஒன்றில் விடாவிட்டாலும் இன்னொன்றில் குளிக்க அனுமதி இருக்கலாம். மாலைக்குள் நீர் வடிந்து தடை நீங்குவதும் உண்டு. அதுவரை என்ன செய்வது?

பாண்டிய மன்னரின் வேண்டுகோள்

தென்காசியிலேயே தொடங்கலாம். ஸ்டேஷனில் இறங்கியவர்கள் குற்றாலத்துக்கு ஆட்டோ பிடிக்கும் அவசரத்தில் தாண்டிப் போய்விடும் இடம், காசி விஸ்வநாதர் கோயில். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. காசிக்குப் போக முடியாதவர்களுக்குத் தெற்கே ஒரு காசி. ஊரின் பெயரே அதுதான்.

ராஜகோபுர வாசலுக்குள் நுழையும்போது காற்று ஆளையே தள்ளும். பிள்ளைகளை அங்கே ஒரு நிமிடம் நிற்க வையுங்கள். கணவாய்க் காற்று என்றால் என்ன என்று பாடம் நடத்தத் தேவையிருக்காது. உள்ளே வீரபத்திரர், ரதி, மன்மதன் சிற்பங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். விரல் நகமும் நகைகளின் வேலைப்பாடும் கல்லில் வந்திருக்கும் நேர்த்தி, செல்போன் போட்டோவில் முழுதாகப் பிடிபடாது.

இந்தக் கோயிலில் பராக்கிரம பாண்டியன் பொறித்துவைத்த கல்வெட்டு ஒன்று புகழ்பெற்றது. ‘பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதேனும் குறை நேர்ந்து, அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை நான் பணிகிறேன்’ என்பது அதன் கருத்து. கட்டிய மன்னர், இன்னும் பிறக்காத யாரோ ஒருவருக்கு முன்கூட்டியே வணக்கம் சொல்லியிருக்கிறார்!

அவர் பயந்தது நடக்கத்தான் செய்தது. ராஜகோபுரம் சிதைந்து பல காலம் மொட்டையாகவே நின்றது. 1990-ல்தான் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. அந்தத் திருப்பணியை முன்னின்று நடத்தியவர் ‘தினத்தந்தி’ அதிபர் சிவந்தி ஆதித்தன். இன்றைக்கு ஊருக்கு வெளியே வயல்வெளியில் நின்றாலும் மலையின் பின்னணியில் அந்தக் கோபுரம் தெரிகிறது.

அருவிக்குப் பக்கத்திலேயே ஓவியக்கூடம்

தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். பேரருவிக்கு அருகிலேயே சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயில். திருஞானசம்பந்தர் பாடிய தலம். இங்கே தலமரமான குறும்பலாவுக்கும் தனியாகப் பதிகம் பாடியிருக்கிறார்.

கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தோடு இருக்கிறது சித்திர சபை. நடராஜருக்கு உரிய ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன்னம்பலம், மதுரை வெள்ளியம்பலம், நெல்லை தாமிர சபை, திருவாலங்காடு ரத்தின சபை ஆகியவற்றோடு எண்ணப்படுவது இது. மற்ற நான்கிலும் உலோகமும் ரத்தினமும் பெயரில் வரும். இங்கே ஆடுகிறவர் ஓவியமாகவே இருக்கிறார். சுவர்கள் முழுக்கப் பழைய ஓவியங்கள். அருவிக் கரையில் ஆயிரம் பேர் நிற்கும் நாளில்கூட இங்கே கூட்டம் குறைவுதான்.

பிளஸ் டூ பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’யை நினைவுபடுத்தலாம். அதைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் மேலகரம், தென்காசியை ஒட்டியே இருக்கிறது. பாட்டில் படித்த மலை, ஜன்னலுக்கு வெளியே நிற்கும். ‘ரசிகமணி’ டி.கே.சி. தன் கடைசிக் காலத்தைக் கழித்ததும் இந்தக் குற்றாலத்தில்தான். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கே வந்தார்கள்.

குளம், அணை, மலை... மூன்றும் ஒரே பார்வையில்

அருவியில் கொட்டும் தண்ணீர் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. சிற்றாறாக ஓடி, அணைக்கட்டுகளிலும் கால்வாய்களிலும் பிரிந்து குளங்களை நிரப்பி, வயல்களுக்குப் பாய்ந்து, மிச்சம் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. எண்ணெயும் ஷாம்பும் அருவிக்குக் கொண்டுவரக் கூடாது என்று சொல்வதன் காரணமும் இதுதான். நாம் குளித்த தண்ணீர் வேறொருவரின் வயலுக்குப் போகிறது.

ஐந்தருவி சாலையில் இருக்கும் வெண்ணமடைக் குளம் சீசனில் நிரம்பியதும் சுற்றுலாத் துறையின் படகுகள் ஓடத் தொடங்கும். மலையைச் சுற்றிலும் பார்த்தபடி மெதுவாகப் போகும் அந்தச் சவாரி தாத்தா பாட்டிகளுக்கு ரொம்பவே பிடிக்கும். படிக்கட்டு ஏற வேண்டாம், வழுக்கும் பாறையும் இல்லை.

செங்கோட்டைப் பக்கம் குண்டாறு அணை. உயரம் 36 அடிதான். மாவட்டத்தின் அணைகளில் சிறியது. அதனாலேயே பெரும்பாலும் சீசனில் முதலில் நிரம்புவதும் இதுதான். மேக்கரையில் 132 அடி அடவிநயினார் அணை. போகும் வழியில் பண்பொழி திருமலைக்கோயில் வரும். குன்றின் மேல் முருகன். படியேறியும் போகலாம், வண்டியிலும் போகலாம். மேலேயிருந்து பார்த்தால் மூன்று பக்கமும் மலை, நடுவில் தென்னந்தோப்பும் நெல்வயலும், அவற்றுக்கிடையே கண்ணாடித் துண்டுகளாகக் குளங்கள்.

தென்காசிக்கு மறுபக்கம் சுந்தரபாண்டியபுரம். ‘ரோஜா’ படத்தில் பார்த்த கிராமம். ஜூலை, ஆகஸ்ட்டில் சூரியகாந்தி பூத்தால் கேரளாவிலிருந்து கார்கள் வரிசைகட்டும். போட்டோ எடுக்க வயலுக்குள் இறங்கும் முன் விவசாயியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பூ நமக்கு செல்ஃபி, அவருக்கு அது எண்ணெய் வித்து.

தடை நாட்களில் ‘தனியார் ஃபால்ஸுக்கு அழைச்சிட்டுப் போறோம்’ என்று சிலர் ஆசை காட்டலாம். மலையில் இயற்கையாக ஓடும் நீரைத் திருப்பிச் சில ரிசார்ட்டுகள் செயற்கை அருவிகளை உருவாக்கியிருந்த விவகாரத்தில், அவற்றை மூட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. அந்த ஆசைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பரோட்டாவுக்கு ஏன் ‘பார்டர்’?

சாரலில் நனைந்தால் பசி எடுக்காமல் இருக்காது. செங்கோட்டை சாலையில் பிரானூர் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் பிரபலம். கேரள எல்லை இன்னும் தள்ளி இருக்கிறதே, இங்கே ஏது பார்டர்? 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை, திருவிதாங்கூர் - கொச்சிப் பக்கம் இருந்தது. எல்லை நகர்ந்துவிட்டது, பெயர் மட்டும் பரோட்டாவோடு தங்கிவிட்டது. அசைவம் வேண்டாதவர்களுக்கு சீசன் கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான், நேந்திரங்காய் சிப்ஸ் காத்திருக்கின்றன.

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரயிலிலும் ஏறிவிடலாம். 1904-ல் திறந்த மலைப்பாதை. அகலப்பாதையாக மாறி 2018-ல் மீண்டும் ஓடத் தொடங்கியது. குகைகளும், கழுதுருட்டி அருகே 13 கண் பாலமும் பிள்ளைகளை ஜன்னலைவிட்டு நகரவிடாது.

கிளம்பும் முன் கவனிக்க...

* காலையில் லாட்ஜை விட்டுக் கிளம்பும் முன், எந்த அருவியில் அனுமதி இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். முந்தின நாள் வாட்ஸ்அப் வீடியோவை நம்ப வேண்டாம்.
* இரண்டு நாள் திட்டம் போடுங்கள். ஒரு நாள் தடை வந்தாலும் மறுநாள் கைகொடுக்கும்.
* செண்பகாதேவி, தேனருவி ஆகியவை காட்டுக்குள் இருப்பவை. வனத்துறை அனுமதியின்றி ஏறக் கூடாது.
* இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் நேராக விழும் தண்ணீருக்கு அடியில் நிற்க வேண்டாம். ஓரச் சிதறலே போதும்.
* சங்கிலி, கம்மல், கண்ணாடியை அறையிலேயே வைத்துவிடுங்கள். தின்பண்டப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தால் குரங்கு பறித்துவிடும்.
* ஈரத்துணிக்கு ஒரு தனிப் பை, குப்பைக்கு இன்னொன்று.

தடை நீங்கிய செய்தி வந்ததும் கூட்டம் அருவிப் பக்கம் திரும்பும். அப்போது வரிசையில் நின்று, முறை வந்ததும் தலையைக் கொடுத்தால், நாள் முழுக்கக் காத்திருந்ததெல்லாம் ஒரே நொடியில் மறந்துபோகும். அன்றைக்குத் தடை நீங்காவிட்டால்? துண்டை மடித்துப் பைக்குள் வையுங்கள். சாரல் அடுத்த வருடமும் வரும். வந்த எல்லோரும் வீடு திரும்பியிருந்தால், நீங்களும் அடுத்த வருடம் வரலாம்.